ஹுத்ஹுத் பறவையைப் பாரிஸில் பார்த்தேன்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். இங்க குளிர் ஆரம்பிச்சாச்சு. வேலை பழைய இடத்துலதான், சம்பளம் ஒழுங்கா வருது. கவலைப்படாதீங்க.

போன சனிக்கிழமை ஒரு நாடகம் பார்த்தேன் உம்மா. கூட வேலை செய்ற மொரோக்கோக்காரர் டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போனார். சின்ன ஹால், மாணவர்கள் போட்டது. கதை 12-ஆம் நூற்றாண்டுல பாரசீகத்து நிஷாப்பூர்ல இருந்த ஃபரீதுத்தீன் அத்தார் எழுதினது. அத்தரும் மருந்துச் சரக்கும் விற்கிறவங்களுக்கு உள்ள பேர்தான் அது. பறவையெல்லாம் கூடி, நமக்கு ஒரு ராஜா வேணும்னு தேடிப் புறப்படுது. வழிகாட்டி யார் தெரியுமா? ஹுத்ஹுத்!

மொட்டை மாடியில படுக்கப்போட்டுச் சொல்வீங்களே, பில்கீஸ் ராணி சேதியைச் சுலைமான் நபிகிட்ட கொண்டாந்த கொண்டைப் பறவை, அதேதான். ஒரு பொண்ணு நடிச்சா. இறக்கை, வேஷம் எதுவும் கிடையாது. அஞ்சு விரலையும் விரிச்சு நெத்திக்கு மேல வெச்சா, கொண்டை வந்துடுச்சு. பயந்தா விரல் மெல்ல மடங்கும், கோபம் வந்தா விறைச்சு நிக்கும். கண்ணை எடுக்க முடியலை.

புறப்படறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் ஒரு சாக்கு சொல்லுது. புல்புல்லுக்கு ரோஜாவை விட மனசில்லை. கிளிக்கு ஹிள்று நபி குடிச்ச ஆயுசுத் தண்ணி வேணும். கூகைக்குப் பாழுங்கட்டடத்துப் புதையல். எல்லாரும் சிரிச்சாங்க. வாத்து, தண்ணியை விட்டு வரமாட்டேன்னப்ப எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. வாப்பாவும் கடைசிவரை கடலை விட்டு வரமாட்டேன்னுதானே சொன்னாங்க.

ஏழு பள்ளத்தாக்கு தாண்டணும். தேட்டம் முதல்ல, ஃபனா, அதாவது தன்னையே இழந்து கரைஞ்சுபோறது, கடைசி. வழியில எத்தனையோ பறவை விழுந்துபோய், முப்பதுதான் போய்ச் சேருது. ராஜா பேர் சீமுர்க். பாரசீகத்துல சீ முர்க்னா முப்பது பறவை! தேடிப் போனதுங்க அங்க கண்டது தங்களையேதான். அந்த இடத்துல பிள்ளைங்க ஒண்ணும் பேசாம, ஒரு பெரிய எவர்சில்வர் தகட்டை எங்க பக்கம் திருப்பினாங்க. மங்கலா எங்க முகம் எல்லாம் அதுல அசைஞ்சுது.

வெளிய வந்ததும் அந்த மொரோக்கோக்காரர் லா ஷாப்பெல்ங்கிற பகுதியில ஒரு பழைய தியேட்டரைக் காட்டினார், புஃப் து நோர்னு பேர். பூட்டிக் கிடந்த அதை பீட்டர் புரூக்னு ஒரு இங்கிலாந்து நாடக இயக்குநர் 1974-ல் திறந்து, பழைய சுவரைப் புதுப்பிக்காம அப்படியே விட்டாராம். இதே கதையை 1979-ல் பிரான்ஸ்ல நடக்கிற அவிஞோன் நாடக விழாவுல போட்டிருக்கார். அதுக்கும் முன்னாடி, 1972-ல் ஆப்பிரிக்காவுக்குப் போய், ஊர் ஊரா தரையில கம்பளம் விரிச்சு, ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாத ஜனங்க நடுவுல இந்தக் கதையை வெச்சு நடிச்சுப் பார்த்தாங்களாம். நம்ம ஆளுங்க கடைத்தெரு அதுக்குப் பக்கத்துலதான் உம்மா. இத்தனை நாளா அந்த வாசலைத் தாண்டிப் போய்த்தான் வெண்டைக்காய் வாங்கியிருக்கேன்.

ஒரு உதவி. தங்கச்சியை விட்டு, நீங்க சொல்ற ஹுத்ஹுத் கதையைப் போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க. மொரோக்கோக்காரருக்குப் போட்டுக் காட்டி நான் பிரெஞ்சுல சொல்லணும். எறும்பு பேசுற இடத்திலேருந்து ஆரம்பிங்க, அதை விட்டுடாதீங்க.

துஆ செய்ங்க.

உங்கள் மகன்