மொளகா வத்தல் யாவாரமும் நீ கேட்ட பார்ட்னர்ஷிப்பும்

மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி, பாப்பா எல்லாம் சௌக்கியமா? இங்க அம்மாவுக்கு முட்டிவலி, மத்தபடி ஒன்னும் இல்ல. பொங்கலுக்கு வர்றேன்னு சொல்லிட்டு கோயம்புத்தூர்லயே உக்காந்துட்ட, செல்வம் உன்மேல செம கடுப்புல இருக்கான், அந்த கம்மாக்கரை கதைய பரமக்குடி பூரா சொல்லிட்டு திரியுறான், நீ நேர்ல வந்தாதான் வாய மூடுவான்.

விஷயத்துக்கு வர்றேன். "2 லட்சம் போடுறேன், பார்ட்னரா சேத்துக்கோ"ன்னு கேட்டேல்ல, அதுக்கு போன்ல ரெண்டு வார்த்தைல பதில் சொல்ல முடியாது, அதான் எழுதுறேன்.

முண்டு வத்தல், அதான் நம்ம ஊரு உருண்டை மொளகா வத்தல், அந்த சரக்கு பாக்குற வேலை எனக்கு அவ்ளோ பிடிச்சிருக்குடா. புரட்டாசில வெதச்சு ஐப்பசி மழைய நம்பி வந்த வெள்ளாமை, மாசி பங்குனில களத்துல செக்கச்செவேல்னு காயுது, ஒரு கை அள்ளி குலுக்குனா உள்ள வெதை கலகலன்னு கேக்கணும், அப்பதான் காஞ்ச சரக்கு. அமுக்குனா மெத்துன்னு இருந்துச்சுன்னா ஈரம், அதை மூட்டை கட்டி அடுக்குனா பூசணம் புடிச்சிரும், எடையும் இறங்கிரும். வெளுத்த காய தனியா பொறுக்கணும். 2023ல நம்ம ராமநாதபுரம் முண்டுக்கு புவிசார் குறியீடு குடுத்தாங்கள்ல, அப்ப இருந்தே இதுல எறங்கணும்னு மனசுல இருந்துச்சு.

ஆனா மாப்ள, இந்த யாவாரத்தோட உசுரு சரக்குல இல்ல, வசூல்ல இருக்கு. வெவசாயிக்கு அன்னைக்கே காசு வேணும், அவன் கடன் வாங்கித்தான் வெதச்சிருக்கான், அவன்கிட்ட போயி அடுத்த மாசம் தர்றேன்னு எப்படிடா சொல்றது. கடைக்காரரோ சரக்க எறக்குங்க, வித்துட்டு தர்றேம்பாரு. நடுவுல நிக்கிறவன் நான். கணக்கு போட்டு பாரு, கிலோ 200 ரூவான்னு ஒரு டன் எடுத்தா 2 லட்சம், கிலோவுக்கு 8 ரூவா லாபம் நின்னா 8,000. அந்தப் பணம் ரெண்டு மாசம் கழிச்சு வருது, அந்த 2 லட்சம் நூத்துக்கு மாசம் 2 ரூவா வட்டிக்கு வாங்குன கடன்னு வை, வட்டியே 8,000 போச்சு. வண்டி வாடகை, சாக்கு, ஏத்துகூலி எல்லாம் அப்புறம்.

சின்ன தொழில் பண்றவங்ககிட்ட சரக்கு வாங்குனா 45 நாள்ல பணம் குடுக்கணும்னு சட்டம் இருக்கேன்னு நீ கேப்ப. இருக்கு, ஆனா அது உற்பத்தி, சேவை பண்றவங்களுக்குத்தான். எங்கள மாதிரி யாவாரிங்கள 2021ல உத்யம்ங்கிற சிறு தொழில் அரசு பதிவுல சேத்தாங்க, அது பேங்க் கடனுக்கு முன்னுரிமை கிடைக்கத்தான், பாக்கி வசூலுக்கு இல்ல. இது தெரியாம நெறைய பேரு சர்டிபிகேட்ட நம்பி சரக்க எறக்கிட்டு நிக்கிறாங்க, பாவமா இருக்கு.

போன வாரம் மதுரை கீழமாசி வீதில ஒரு பெரிய கடை 60 நாள் கடன்ல சரக்கு கேட்டாங்க, நான் முடியாதுன்னுட்டேன். அப்பாக்கு வருத்தம், தேடி வந்த கிராக்கிய விடலாமான்னு. சின்ன கடை ஆனாலும் ரொக்கம், கிலோவுக்கு ரெண்டு ரூவா கம்மி பண்ணி தர்றேன்னு சொல்லித்தான் லைன் புடிக்கிறேன், மெதுவாத்தான் போகுது, ஆனா ராத்திரி தூக்கம் வருது.

அதனால உன் காசு இப்ப வேணாம் மாப்ள. அடுத்த சீசன்ல வத்தல் வாங்கி, வித்து, பணம் முழுசா கைக்கு வந்துருச்சுன்னா நானே பேரேட்ட எடுத்துட்டு உன் வீட்டுக்கு வந்து காட்டுறேன், அப்புறம் முடிவு பண்ணு. அதுக்கு முன்னாடி உன் பேரு என் பாக்கி கணக்குல ஏறுறது எனக்கு பிடிக்கல. தங்கச்சி நகைய வச்சு தர்றேன்னு சொன்னியே, அத கேட்டு எனக்கு வயித்த கலக்கிருச்சு, அத மட்டும் செஞ்சிராத.

உதவணும்னா ஒன்னு பண்ணு. ரங்கே கவுடர் வீதி பக்கம் போறப்ப மொத்தக் கடைங்கள்ல முண்டு கேக்குறாங்களா இல்ல நீட்டு வத்தல்தான் ஓடுதா, கிலோ என்ன ரேட்டு, ரொக்கத்துக்கு எடுப்பாங்களான்னு விசாரிச்சு போடு. ரேட்டு கேக்குறப்ப காம்போடயா காம்பு கிள்ளுனதான்னும் கேளு, ரெண்டுக்கும் வெல வேற.

உன்
பாண்டி