ஸ்கான் அறைத் தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

ஈரல் கட்டி ஒபரேஷனின் தையல் பிரித்தாயிற்று. வெட்டியெடுத்த கட்டியின் ரிப்போட்டும் வந்துவிட்டது. புற்றுநோயாக மாறத் தொடங்கிய இடம் கட்டிக்குள்ளேயே அடங்கியிருந்திருக்கிறது, ஓரங்களில் ஒன்றுமில்லை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

முதல் நன்றி, கொழும்பில் எம்.ஆர்.ஐ. எடுத்த தம்பிக்கு. அது பெரிய காந்தத்தால் உடம்புக்குள் படம் எடுக்கிற ஸ்கான், உள்ளே இரும்பு இருந்தால் இழுக்கும், சுடும். பேஸ்மேக்கர் உண்டா, தகடு வைத்ததா என்ற கேள்விகள் முடிந்தபின் என் விலாசத்தைப் பார்த்தார். புதுக்குடியிருப்பு, கடைசி யுத்தம் நடந்த பக்கம். குரலைத் தாழ்த்தி, "அக்கா, 2009இல காயப்பட்டனீங்களோ? செல் துண்டு ஏதும் உள்ளுக்க இருக்கோ?" என்று கேட்டார். இடது கெண்டைக்காலில் ஒரு குண்டுச் சிதறல் இருக்கிறது. இத்தனை வருடமாக அதோடுதான் வயலுக்கும் கடைக்கும் நடக்கிறேன்.

வெளியே அவ்வளவு சனம். என்றாலும் இன்னொரு நாள் வாங்கோ என்று அனுப்பிவிடவில்லை. என் காலை எக்ஸ்ரே எடுப்பித்து, டொக்டரிடம் தானே கொண்டுபோய்க் காட்டி, பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இல்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே விட்டார். "சுட்டாலோ இழுத்தாலோ உடனே இந்த ரப்பர் பந்தை அமத்துங்கோ" என்று கையில் தந்தார். மூச்சை அடக்காவிட்டால் ஈரல் படம் கலங்கிவிடுமாம். வாங்கில் இருத்தி அதையும் பழக்கினார். தானும் கூடவே மூச்சை அடக்கிக் காட்டினார், பாவம்.

அந்தப் படம் தெளிவாக வந்தபடியால்தான் எல்லாம். மருந்து ஏற்றி 20 நிமிடம் கழித்து எடுத்ததில் நல்ல ஈரல் வெளிச்சமாகவும் கட்டி இருட்டாகவும் தெரிந்ததாம், கட்டிக்குள் வேறு மாதிரி ஒரு முடிச்சும். அடினோமா என்கிற இந்த வகை ஈரல் கட்டி 100இல் நாலைந்துதான் புற்றுநோயாக மாறுமாம். 5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பயம் கூட. என்னுடையது தாண்டியிருந்தது.

ஒபரேஷன் செய்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், இரத்தம் தந்த பிள்ளைகளுக்கும், வெள்ளவத்தையில் இடம் தந்த பெரியம்மாவுக்கும், சுவிஸில் இருந்து காசு அனுப்பிய மச்சாளுக்கும், மகளுக்குச் சமைத்துக் கொடுத்த அயலட்டைக்கும் கோடி நன்றி.

எங்கள் பக்கத்தில் என்னைப்போல உள்ளுக்குள் துண்டோடு திரிகிற சனம் எத்தனை! அதில் யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கப் போவதென்றால் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கோ. என் செலவில் கூட வருவேன். அந்தத் தம்பி கேட்ட கேள்வியை அங்கே யாரும் கேட்காவிட்டால், துண்டு இருக்கிறதென்று நானே சொல்லுவேன்.