யூகான்சோல் விலையும் கறுப்புத் திரைப் பேச்சும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

யூகான்சோல் கையடக்கக் கணினியின் விலையை இம்மாதம் முதல் கூட்ட வேண்டியதாகிவிட்டது. அதற்குள் மூளையாகப் பொருத்தும் ராஸ்பெர்ரி பை சிஎம்4 பலகையில் 4 ஜிபி மெமரிக்கு 5 டாலரும் 8 ஜிபிக்கு 10 டாலரும் 2025 அக்டோபரிலேயே ஏற்றிவிட்டார்கள். மெமரி தயாரிப்பவர்கள் ஏஐ சர்வர்களுக்கு முதலிடம் கொடுப்பதால் வந்த ஏற்றம் இது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. மொத்தமாக இறக்கினால் சரக்குக் கட்டணம் குறையும். ஆனால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் கையடக்கத்துக்கு நம்மூரில் அத்தனை கேட்பு இன்னும் வரவில்லை. "லினக்ஸ் இலவசம்தானே?" என்பவர்களுக்கு என்ன சொல்ல? சிப்பை யாரும் சும்மா தருவதில்லை.

விலையைவிட மனதை உறுத்துவது, "திரையே எரியல, செத்த சாமானை விக்கிறாங்க" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சுதான். திரை எரிவதைப் பார்த்த பிறகே பெட்டியை ஒட்டுகிறோம். பிறகு கறுப்பாவதற்குக் காரணம் வேறு. பொதுவான ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) அப்படியே எஸ்டி கார்டில் எழுதிப் போட்டால், அதில் இந்தத் திரைக்கும் பவர் சிப்புக்கும் வேண்டிய டிரைவர் அமைப்பு இருக்காது. உள்ளே கணினி ஓடினாலும் திரை கறுப்பாகவே நிற்கும். யூகான்சோலுக்கென்று அதைத் தயாரிக்கும் கிளாக்வொர்க்பை நிறுவனம் தரும் இமேஜை, அதாவது இயங்குதளக் கோப்பைத்தான் எழுத வேண்டும். பலகையை வெளியே வாங்கியவர்கள் எண்ணையும் பாருங்கள். சிஎம்4104000 என்றால் வைஃபை உண்டு, 4 ஜிபி மெமரி, லைட் (உள்சேமிப்பு இல்லாதது). கடைசி மூன்று இலக்கம் 000 இல்லாமல் 008, 016, 032 என்றிருந்தால் அதில் இஎம்எம்சி என்ற உள்சேமிப்பு இருக்கிறது. அந்தப் பலகை எஸ்டி கார்டைச் சீண்டவே சீண்டாது. நீங்கள் எத்தனை கார்டு மாற்றினாலும் அதே கறுப்புத் திரைதான். இதையும் எங்கள் தலையில் கட்டினால் எப்படி?

வைஃபை மந்தம் என்பவர்களுக்கு: உலோக உடல் சிக்னலை மறைக்கும். ஆன்டெனா கம்பியைப் பலகையில் செருகி, கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் வெளி ஆன்டெனாவுக்கான வரியையும் சேர்க்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பலனில்லை. பேட்டரி, தலை தட்டையான, 18650 என்ற அளவுள்ள லித்தியம் செல் இரண்டு. பாதுகாப்புச் சுற்று வைத்த செல் 65 மிமீ நீளத்தைத் தாண்டும், ஹோல்டரில் இறுகும்.

போனே போதும் என்று ஊரே சொன்னபோதும் கட்டளை தட்டும் டெர்மினலைத் தேடி வந்தவர்கள் நீங்கள். உங்கள் ஆதரவுக்கு மனமார்ந்த நன்றி. முன்பணம் கட்டியவர்களுக்கும் புதிய விலைதான். திரை எரியாத கருவி இருந்தால் கார்டோடு கடைக்கு எடுத்து வாருங்கள், சரியான இமேஜை இலவசமாகவே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்