வல்லெட்டாவுக்கு அரை நாளா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மால்டா கட்டுரையில், அந்தத் தீவு நாட்டின் தலைநகரைப் பற்றி, 'வல்லெட்டா சின்ன ஊர்தான், கப்பலிலிருந்து இறங்கி அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம்' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசே சரியில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சந்தா கட்டி வாங்கும் பத்திரிகை என்பதால்தான் இத்தனை வருத்தம். வேறு எங்காவது படித்திருந்தால் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பேன்.

அந்த அரை நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு டூர் கம்பெனியோடு அப்படித்தான் போய் இறங்கினோம். கொடுத்தது மூன்றரை மணி நேரம். அவருக்கு முழங்கால் வலி. துறைமுகக் கரையிலிருந்து மேலே பராக்கா தோட்டத்துக்குப் போக லிஃப்ட் இருக்கிறது, 58 மீட்டர் உயரம், 2012லிருந்து ஓடுகிறது. கூட்டிப்போனவர் அதைப் பற்றி வாயே திறக்காமல் எங்களை ஏற்றத்திலும் படிக்கட்டிலும் நடக்க வைத்தார். என் வீட்டுக்காரர் பாதியில் யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டு, 'நீ போய்ப் பார்த்துட்டு வா' என்றார். எனக்குப் போக மனசு வரவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இப்போது அவர் இல்லை. உங்கள் கட்டுரை நாலு பக்கம், அதில் கடைக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றரைப் பக்கம், லிஃப்டுக்கு ஒரு வார்த்தை கிடையாது. இவ்வளவு ஊர் பார்த்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

போன வருஷம் மகள் அங்கே நர்ஸ் வேலைக்குப் போனதால் இருபது நாள் தங்கினேன். புனித யோவான் பேராலயத்துக்கு மட்டும் மூன்று தடவை போனேன். தரை முழுக்க, ஒரு காலத்தில் மால்டாவை ஆண்ட கிறிஸ்தவப் போர்வீரர்களின் அமைப்பான மாவீரர் சபையினரின் பளிங்குக் கல்லறைகள். பக்கத்து மண்டபத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜோ 1608ல் வரைந்த பெரிய படம், யோவானின் தலையை வெட்டும் காட்சி. கழுத்திலிருந்து தரையில் வழிகிற ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட படம் அது ஒன்றுதான். அதே வருஷம் டிசம்பரில், அதே மண்டபத்தில், அந்தப் படத்துக்கு முன்னாலேயே, மாவீரர் சபையில் சேர்ந்திருந்த அவரை அதை விட்டு நீக்கினார்கள். அதை மகள் சொல்லக் கேட்டு நின்றபோது எனக்குக் கால் நகரவில்லை. நீங்கள் எழுதியது, 'புகழ்பெற்ற ஓவியங்கள் கொண்ட சர்ச்'. அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ரோட்ஸ் தீவைப் பற்றி எழுதியபோதும் இதே கதைதான். ரோட்ஸிலிருந்து 1522ல் துருக்கியரிடம் தோற்று வெளியேறிய அதே சபைதான் 1530ல் மால்டாவுக்கு வந்தது, 1565ல் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கி, அடுத்த வருஷமே வல்லெட்டாவுக்கு அடிக்கல் நாட்டியது. இரண்டு கட்டுரையிலும் இந்தத் தொடர்பு இல்லை. அப்போது ஒரு கடிதம் போட்டேன், வெளியிடவும் இல்லை, பதிலும் இல்லை. சரி, இடமில்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் கட்டுரையோடு வந்த அந்தப் புகைப்படம். 'வல்லெட்டாவின் காவல் கூண்டு' என்று போட்டிருக்கிறீர்கள். அது வல்லெட்டாவே இல்லை, துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற செங்லியா. லிஃப்டில் கீழே இறங்கினால் தைசா என்கிற சின்னப் படகு நிற்கும், அதில் ஏறி அக்கரைக்குப் போய், கரையோரமாக முனை வரை நடந்தால் அந்தக் கூண்டு. மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் ஒரு கண்ணும் ஒரு காதும் செதுக்கியிருக்கும், காவல்காரன் எல்லாவற்றையும் பார்க்கிறான், கேட்கிறான் என்று சொல்ல. நான் அந்தக் கூண்டுக்குள் நின்று எதிரே வல்லெட்டாவின் மதில் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அங்கே தினமும் உச்சிப்பொழுதில் வெடிக்கிற பீரங்கி வெடித்தது. முதலில் புகை தெரிந்தது, சத்தம் பின்னால் வந்தது. அரை நாளில் முடிக்கிறவர்கள் அக்கரைக்கு எங்கே போகப் போகிறார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், படத்தில் இருப்பது செங்லியா என்று திருத்தம் போடுங்கள். கூடவே, முழங்கால் வலிக்காரர்களுக்கு அங்கே லிஃப்ட் உண்டு என்று ஒரு வரி.

உங்கள் நெடுநாள் வாசகி,
நாகர்கோவில்