என் தந்தையையும் சேர்த்து ஆராயுங்கள்: நீரிழிவு ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் நீரிழிவையும் அதனால் சிறுநீரகத்துக்கு நேரும் பாதிப்பையும் ஆராயும் மருத்துவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும், நிதி வழங்கும் தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்துக்கும்,

வணக்கம்.

என் தந்தைக்கு 73 வயதாகிறது. துறைமுகத்தில் 31 ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, எங்கள் புளோக்கிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறார். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருந்துவிட்டு உடல் துவண்டு வீடு திரும்புகிறார். அங்கே அவருக்கு இடப்பக்கம் ஒரு மலாய்ப் பெரியவர், வலப்பக்கம் ஒரு சீன மூதாட்டி. மூவரையும் அந்த நாற்காலிகளில் உட்காரவைத்தது ஒரே நோய்தான். எங்கள் வீட்டில் அதை ‘இனிப்புநீர்’ என்போம். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீரிழிவே காரணம் என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுத வந்தது, இந்த நோய்க்கான மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளுக்குள் என் தந்தையைப் போன்றவர்கள் நுழைய முடியாமல் வாசலில் நிற்பதைப் பற்றி.

எட்டு ஆண்டுகளுக்கு முன், அவருடைய சிறுநீரகங்கள் பாதியளவேனும் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையில் அவரை ஓர் ஆய்வில் சேர அழைத்தார்கள். சிறுநீரகம் பழுதாவதன் அடையாளமாகச் சிறுநீரில் புரதம் கசிவது அதற்கு முந்தைய ஆண்டுதான் தெரியவந்திருந்தது. தந்தை தயங்கவில்லை. “நமக்கு உதவாவிட்டாலும் பின்னால் வருகிறவர்களுக்கு உதவட்டுமே” என்றார். ஆய்வுத் தாதி இருபது பக்கங்களுக்கு மேல் நீண்ட ஆங்கிலப் படிவத்தை எடுத்து வைத்துவிட்டு, “அப்பா ஆங்கிலம் வாசிப்பாரா?” என்று என்னைக் கேட்டார். தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தினமும் வாசிப்பவர் என்று சொன்னேன். அவர் வருத்தத்தோடு படிவத்தை மூடினார். ஆங்கிலமோ சீனமோ வாசித்துப் புரிந்துகொள்பவர்களை மட்டுமே சேர்க்கலாம் என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருந்ததாம். அந்தத் தாதிமீது எனக்குக் குறையேதும் இல்லை; அவர் எழுதிவைத்த விதியைப் பின்பற்றினார்.

அந்த மருந்து கிடைத்திருந்தால் என் தந்தை இன்று இயந்திரத்தின் உதவியின்றி வாழ்ந்திருப்பார் என்று நான் வாதிடப்போவதில்லை. இத்தகைய ஆய்வுகளில் யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்வார்கள்; அந்தக் குலுக்கலில் அவருக்கு மருந்தில்லாத மாத்திரையே விழுந்திருக்கலாம். அந்த ஆய்விலிருந்து நீங்கள் எதைக் கற்றிருந்தாலும், அவரைப் போன்ற ஒருவரைப் பார்க்காமலே கற்றீர்கள் என்பதுதான் என் மனத்தை அரிக்கிறது.

உங்கள் துறையின்மேல் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. தந்தையின் நோயைப் புரிந்துகொள்ள முயன்றபோது அந்த வரலாற்றை என்னால் இயன்ற அளவு தேடிப் படித்தேன். 2001ஆம் ஆண்டில் வெளியான இரண்டு ஆய்வுகள், லோசார்ட்டான், இர்பெசார்ட்டான் ஆகிய ரத்த அழுத்த மருந்துகள் இரண்டாம் வகை நீரிழிவாளர்களின் சிறுநீரகச் சிதைவை மெதுவாக்குவதைக் காட்டின. அதன் பிறகு நெடுங்காலம் புதிய வழி எதுவும் திறக்கவில்லை. அத்தகைய மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நன்மை கிட்டுமா என்று அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களிடம் நடத்திய ஆய்வு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதாலும் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதாலும் பாதியில் நிறுத்தப்பட்டது. அந்தத் தோல்வியும் ஒரு கொடைதான். அதில் சேர்ந்தவர்கள் தாங்கிய தீங்கினால் மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள்.

பிறகு, எவரும் எதிர்பாராத திசையிலிருந்து வழி பிறந்தது. ஒரு நீரிழிவு மருந்து மாரடைப்பை உண்டாக்குகிறதோ என்ற அச்சம் எழுந்ததால், புதிய நீரிழிவு மருந்துகள் இதயத்துக்குக் கேடு செய்யாதவை என்று நிறுவ வேண்டும் என 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வற்புறுத்தியது. அப்படி நடத்தப்பட்ட பெரிய ஆய்வுகளில்தான், சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள் சிறுநீரகத்தையும் காப்பது தென்பட்டது. (அந்த மருந்துக் குடும்பத்தின் மூதாதை, 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபுளோரிசின் என்று படித்தபோது வியந்துபோனேன்.) சிறுநீரகத்தையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ள 4,401 பேரிடம் கேனக்ளிஃப்ளோசினைச் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது, பலன் தெளிவாகத் தெரிந்ததால் அது முன்கூட்டியே முடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டாபாக்ளிஃப்ளோசினும் ஃபினரெனோனும், 2024இல் செமாக்ளூட்டைடும் தத்தம் ஆய்வுகளில் தேறின. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் தம் நோயாளிக்குச் சொல்ல முடியாத நம்பிக்கையை இன்று உங்களால் சொல்ல முடிகிறது.

ஆனால், இந்தக் கட்டுரைகளின் முதல் அட்டவணையில், பங்கேற்றவர்கள் யார் யார் என்று குறிப்பிடும் இடத்தில், பெரும்பாலும் ‘ஆசியர்’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. ஜப்பானியர், சீனர், வியட்நாமியர், தமிழர் எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறோம். எங்களைத் தனியாகக் கணக்கெடுக்க முடியும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வில் 5,102 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினர். அவர்களைத் தனியாகப் பதிந்துவைத்தார்கள். பதிந்துவைத்ததால்தான், சிறுநீரில் புரதம் கசிவதற்கும் சிறுநீரகத் திறன் குறைவதற்கும் அந்த வம்சாவளியே ஒரு தனிக் காரணியாக இருப்பதை 2006இல் வெளியான பகுப்பாய்வு காட்ட முடிந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் அந்த உண்மை எந்த மேசைக்கும் வந்து சேர்ந்திருக்காது.

வம்சாவளிக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை ஆராயச் சிங்கப்பூரைவிடப் பொருத்தமான இடம் எது? 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கருத்தாய்வில், பெரியவர்களிடையே நீரிழிவு இந்தியரில் 17.2 விழுக்காடு, மலாய்க்காரரில் 16.6 விழுக்காடு, சீனரில் 9.7 விழுக்காடு எனப் பதிவானது. இந்தியரும் மலாய்க்காரரும் ஏறக்குறைய ஒரே தட்டில் நிற்கிறோம். ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு என்று வரும்போது மலாய்ச் சமூகத்தின் சுமையே மிகப் பெரிது. என் சமூகத்துக்காக மட்டும் வாதாடுவதற்காக இதை மறைத்தால் என் தந்தையின் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெரியவருக்கு நான் துரோகம் செய்தவளாவேன். ஒரே புளோக்கில், ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் இரு குடும்பங்களுக்கு நீரிழிவு ஏறத்தாழ ஒரே அளவில் வருகிறது. சிறுநீரகம் மட்டும் ஏன் வேறு வேறு வேகத்தில் கெடுகிறது? உணவா, மரபணுவா, ரத்த அழுத்தமா, மருத்துவரைத் தாமதமாகப் பார்ப்பதா? இந்தக் கேள்விக்கு ‘ஆசியர்’ என்ற சொல்லில் விடை கிடைக்காது. எண்ணிப் பார்த்து அளவுகோலையே மாற்றிய அனுபவம் இந்த நாட்டுக்கு ஏற்கெனவே உண்டு. ஆசியருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதைக் கண்டு, உடல் எடைக் குறியீட்டின் எச்சரிக்கை வரம்பை 25இலிருந்து 23ஆகக் குறைத்த நாடு இது.

இந்தியர்கள் மக்கள்தொகையில் 9 விழுக்காடுதானே, முந்நூறு பேர் கொண்ட ஓர் ஆய்வில் இருபத்தேழு பேரை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வர முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இருபத்தேழு பேரிலிருந்து முடிவு சொல்வது ஆபத்தானது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ஒவ்வோர் ஆய்வும் அந்த இருபத்தேழு பேரை ஒரே முறையில் பதிந்துவைத்தால், பத்து ஆய்வுகளை ஒன்றுசேர்க்கும் நாளில் அவர்கள் இருநூற்று எழுபது பேராவார்கள். முனைந்து தேடினால் எங்களைத் திரட்டவும் முடியும்: 2007க்கும் 2009க்கும் இடையில் சிங்கப்பூர் இந்தியர் கண் ஆய்வுக்கு, நாற்பது வயதைத் தாண்டிய 3,400 பேர் வந்தார்கள். வர மனம் இல்லாத சமூகமல்ல இது.

இனி மொழிக்கு வருகிறேன். மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015இல் நிறைவேறியது. மருந்துச் சோதனைகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகள் தனியே உள்ளன. இரண்டுமே, பங்கேற்பவர் விவரங்களைப் புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டவை. புரியாதவரிடம் கையொப்பம் வாங்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட பாதுகாப்பே, புரியவைக்கும் செலவைத் தவிர்க்கும் வழியாக நடைமுறையில் மாறிவிடுகிறது. ஆங்கிலம் தெரியாதவரைச் சேர்க்காமல் விட்டால் மொழிபெயர்ப்புக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. பள்ளியில், நாடாளுமன்றத்தில், பணத்தாளில் இருக்கும் அந்த மொழி, ஆய்வுப் படிவத்தில் மட்டும் ஏன் விலக்கப்பட வேண்டும்?

மொழிபெயர்ப்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்கான தமிழ்த் துண்டுப்பிரசுரம் என் கைக்கு வந்தது. யாருக்கு எந்த மாத்திரை என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘இது இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதை வாசித்த என் பெரியம்மா, “இந்த மருந்து சாப்பிட்டால் இரண்டு கண்ணும் போய்விடுமா?” என்று நடுங்கிக் கேட்டார். நீரிழிவு கண்ணைக் கெடுக்கும் என்று முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வளர்ந்த அச்சம் அவருடையது. அவர் சேரவில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான தமிழ்ச் சொல்லை அகராதியில் எடுத்து வைப்பதால் ஒருவருக்குப் புரிந்துவிடாது. அதே பெரியம்மாவிடம், சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல யாருக்கு எந்த மாத்திரை என்பது விழும், பிரித்துப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை, ஆய்வு முடிந்த பிறகே தெரியும் என்று நான் சொன்னபோது அரை நிமிடத்தில் விளங்கிக்கொண்டார். சிறுநீரில் புரதம் என்றால் தெரியாதவர்களுக்கு, சிறுநீர் நுரைத்து நிற்பது தெரியும். தாதியாகவோ மருந்தாளராகவோ பணிபுரிந்து ஓய்வுபெற்ற தமிழர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். படிவத்தை அச்சிடும் முன் அவர்களிடமும், நோயாளிகள் நான்கைந்து பேரிடமும் வாசிக்கக் கொடுத்து, எந்த வரியில் நெற்றி சுருங்குகிறது என்று பாருங்கள்.

புரிதல் இல்லாவிட்டால், சேர்த்தவர்களையும் இழப்பீர்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு சற்று இறங்கும். உள்ளே இருக்கும் மிகை அழுத்தம் தணிவதன் அடையாளம் அது, பிறகு சரிவு மெதுவாகும். என் சித்தப்பாவுக்கு அதை யாரும் தமிழில் சொல்லவில்லை. 52 என்றிருந்த எண் 48 ஆனதை அறிக்கையில் பார்த்ததும், மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி நிறுத்திவிட்டார். பலதுறை மருந்தகத்தில் அடுத்த முறை கேட்டபோதும், சாப்பிடுவதாகவே தலையாட்டினார். ஆய்வு ஒன்றில் பத்துப் பேர் இப்படித் தலையாட்டினால் உங்கள் புள்ளிவிவரம் என்னவாகும்?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். மொழியைக் காரணமாகக் காட்டி எவரையும் விலக்கும் ஆய்வுத் திட்டம் நெறிமுறைக் குழுவின் முன் வந்தால், அதற்கு அறிவியல் காரணம் இருக்கிறதா என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். செலவு மட்டுமே காரணமென்றால் அதை ஏற்காதீர்கள். நிதி தருபவர்கள், மொழிபெயர்ப்புக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய தொகையைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறும்படி விண்ணப்பதாரர்களிடம் சொல்லுங்கள். ஆய்வாளர்கள், பங்கேற்பவரின் இனத்தை ஒரே முறையில் பதிந்து, கட்டுரையின் முதன்மை அட்டவணையிலேயே வெளியிடுங்கள். ஆய்வு முடிந்ததும், என்ன தெரியவந்தது என்பதை, தோல்வியானாலும், பங்கேற்றவர்களுக்கு அவரவர் மொழியில் ஒரு பக்கத்தில் அனுப்பிவையுங்கள். ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு, ஆண்டுகள் கடந்தும் ஒரு வார்த்தை வராமல் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இவற்றுள் முதலாவதை இந்த ஆண்டே தொடங்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, ஒரு கூட்டத்தின் முடிவு போதும்.

இந்த மடலை எழுதி முடித்துத் தந்தையிடம் வாசித்துக் காட்டினேன். சிறுநீரகம் போன பிறகும் தம்மால் பயன் உண்டா என்று கேட்டார். ரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர்களிடமும் ஆய்வுகள் நடக்கின்றன என்றேன். அப்படியானால் தமிழில் படிவம் உள்ள ஆய்வு வரும்போது தம் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் அவரால் வர முடியும்.

இப்படிக்கு,
ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் ஒருவரின் மகள்
சிங்கப்பூர்