சளிக்காய்ச்சலும் சர்க்கரையும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

நமது சர்க்கரை நோயாளிகள் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. நவம்பர் 14, உலக நீரிழிவு நாளில் கண், பாதப் பரிசோதனை முகாம் நடத்தினோம். இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கு நன்றி. இவ்வாண்டு மறைந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

செயற்குழு இந்த ஆண்டு அதிகம் பேசியது, சளிக்காய்ச்சல் வந்தால் சர்க்கரை உள்ளவர் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான். மழைக்காலத்தில் ஃப்ளூ பரவியபோது நம்மில் சிலர் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று.

கொரோனா காலத்துக் கணக்குகள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2020 தொடக்கத்தில் சீனாவில் 44,672 நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது மொத்தத்தில் 2.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்; சர்க்கரை உள்ளவர்களில் 7.3 சதவீதம். இங்கிலாந்தில் முதல் அலையின்போது மருத்துவமனையில் இறந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது. இதைக் கேட்டுப் பயந்தவர்களுக்கு, கொரோனா வந்த சர்க்கரை நோயாளிகளைப் பற்றிச் சீனாவின் ஹூபே மாகாணத்தில் நடந்த ஆய்வையும் சொன்னோம். அங்கே சிகிச்சை நாட்களில் ரத்தச் சர்க்கரை 180 மி.கி./டெ.லி.க்குள் நின்றவர்களில் 1.1 சதவீதம் பேர்தான் இறந்தார்கள். அதைத் தாண்டியவர்களில் 11 சதவீதம். வயது, மற்ற நோய்கள் ஆகியவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் பெரிதாகவே இருந்தது. சர்க்கரை இருக்கிறதா என்பதோடு, அந்த நாட்களில் அது எவ்வளவு ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காய்ச்சல் வந்தால் உடம்பு கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களை அதிகம் சுரக்கும். கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும், இன்சுலின் எடுபடாது. அதனால் வெறும் வயிற்றிலும் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை வெள்ளை அணுக்களை மந்தமாக்கும். சிறுநீர் அதிகம் போய் உடம்பு வறளும்.

நம் உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், காய்ச்சலில் கஞ்சி மட்டும் குடித்திருக்கிறார். “சாப்பாடே இல்லையே, அப்புறம் ஊசி எதுக்கு?” என்று இன்சுலினை நிறுத்திவிட்டார். மகள் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது எண்ணே வரவில்லை, ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. வாந்தியும் மேல்மூச்சும் வந்து ஐசியூவில் சேர்த்தார்கள். தேறி வந்ததும் நம் கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார். எந்த மருத்துவரின் பேச்சையும்விட அன்று அவர் பேசியது எடுபட்டது.

இன்னொன்று ஸ்டீராய்டு மருந்து; அது சர்க்கரையை ஏற்றும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொரோனாவில் உயிர் காத்தது உண்மைதான். ஆனால் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான் அதனால் பலன். தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. 2021இல் ஏறிய சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து கருப்புப் பூஞ்சையில் கொண்டுபோய் விட்டதை நாம் கண்ணால் பார்த்தோம். மெடிக்கல் ஷாப்பில் கலந்து கொடுக்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கலாம். தயவுசெய்து சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

எனவே செயற்குழு ஒரு அட்டை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தது. காய்ச்சல் நாட்களில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கவும். இன்சுலினைத் தானாக நிறுத்த வேண்டாம். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட முடியாதபோதும் வாந்தி வரும்போதும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கலாம். அதை உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டு அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்கவும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஆக்சிமீட்டர் இல்லாதவர்களுக்குச் சங்கம் இரவல் தருகிறது.

ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது. அதன் விலை நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. நன்கொடையாளர் உதவியோடு மழைக்காலத்துக்கு முன் ஒரு முகாம் நடத்த செயற்குழு முன்மொழிந்திருக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். தனியே வசிக்கும் மூத்த உறுப்பினர்களுக்குக் காய்ச்சல் நாட்களில் போன் செய்து விசாரிக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

அடுத்து வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.