‘இயேசு மரி சூசை’ எழுதாத கடிதம்

கொலோன், ஜெர்மனி
12 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. பதில் போடாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். கடிதத்தின் தலைப்பில் வழக்கமாக எழுதும் ‘இயேசு மரி சூசை’ இல்லாததைப் பார்த்திருப்பாய். மறந்துபோய் விடவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

சுகமாகத்தான் இருக்கிறேன். நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நேற்று மார்ட்டின் திருநாள். பிள்ளைகள் காகித விளக்கு ஏந்திப் பாடிக்கொண்டே தெருவில் போனார்கள். அன்றைக்கு மனித உருவில் ரொட்டி சுடுவார்கள், கண்ணுக்கு இரண்டு உலர்திராட்சை, கையில் ஒரு மண் சுங்கான். கீழ்வீட்டுப் பாட்டி எனக்கும் ஒன்று கொடுத்தார். மாடிப்படி துடைக்கிற முறை யாருடையது என்று கதவில் அட்டை மாட்டுவாரே, அவர்தான். எந்தக் குளிரிலும் ஜன்னல்களைப் பத்து நிமிடம் விரியத் திறந்துவைக்கச் சொல்வார். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடித்துவிடும், அவர் சொல்வது சரிதான். நெத்திலிக் கருவாடு இன்னும் ஒரு பொட்டலம் இருக்கிறது.

குழந்தைக்கு என்னை ஞானத்தாயாக நிற்கச் சொல்லியிருக்கிறாய். என்னால் முடியாது அக்கா. அக்டோபரில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து எழுதிக் கொடுத்து விலகிவிட்டேன்.

இந்த ஊரில் அது அரசாங்கக் காரியம். குடிவந்ததும் முகவரி பதிகிற படிவத்தில் மதம் என்ன என்று கேட்பார்கள். கத்தோலிக்கம் என்று எழுதினால் சம்பளச் சீட்டில் ‘ஆர்.கே.’ என்று ஏறிவிடும். திருச்சபை வரியை மாதாமாதம் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். இந்த மாநிலத்தில் 9 சதவீதம், பவேரியாவில் 8. சம்பளத்தில் இல்லை, வருமான வரியின் மேல்: 300 யூரோ வரி என்றால் 27 யூரோ. நம்மூரில் வாங்கிய ஞானஸ்நானமும் கணக்குத்தான். ‘மதம் இல்லை’ என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பிறகு ஞானஸ்நானம் தெரியவந்தால் விட்ட வருஷங்களுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். பெரியத்தை மகள் இங்கே வருவதாக இருந்தால் இதைச் சொல்லிவை.

விலகுவதற்கு வட்டார நீதிமன்றத்தில் நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, 30 யூரோ. போக முடியாதவர்கள் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்; சாதாரணக் கடிதமோ மின்னஞ்சலோ செல்லாது. காரணம் கேட்கமாட்டார்கள். தருகிற சான்றை ஆயுள் முழுக்கப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து யாராவது கேட்டாலும் விலகியதைக் காட்ட வேண்டியது நாம்தான்.

27 யூரோவுக்காகப் போய்விட்டாள் என்று சித்தப்பா சொல்வார். சொல்லட்டும். உனக்குக் காரணம் தெரிய வேண்டும். சின்னத்தை மகன்தான் காரணம். அவனைப் பற்றி நம் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. 2018ல் உச்ச நீதிமன்றம் தன்பால் உறவு குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் திறக்கவில்லை.

அவனைப் போன்றவர்களைப் பற்றித் திருச்சபை சொல்வது நமக்கு மறைக்கல்வியில் சொல்லித்தராத பத்தி. மறைக்கல்வி நூலில் 2357 முதல் 2359 வரை படித்துப் பார். தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடு நடத்த வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்று 2358 சொல்கிறது. ஆனால் அதற்கு முந்தைய பத்தி அவர்கள் உறவை இயல்பிலேயே ஒழுங்கு கெட்டது என்கிறது. பிந்தையது வாழ்நாள் முழுக்கத் தனியாகக் கற்போடு இருக்கச் சொல்கிறது. ஒரு கன்னத்தைத் தடவி மறு கன்னத்தில் அறைவதுதான் இது. 2021 மார்ச்சில் அப்படிப்பட்ட இணைகளை ஆசீர்வதிக்க முடியாது, கடவுள் பாவத்தை ஆசீர்வதிப்பதில்லை என்று வத்திக்கான் அறிவித்தது. 2023 டிசம்பரில் ஆசீர்வதிக்கலாம் என்றார்கள், ஆனால் திருமணம் போலத் தோன்றக் கூடாது, சடங்கு கூடாது. அடுத்த மாதமே பத்துப் பதினைந்து வினாடி போதும் என்று விளக்கம் வந்தது. அக்கா, நம்மூரில் புது வள்ளம் மந்திரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தீர்த்தம் தெளித்து, மாலை போட்டு, செபம் சொல்லி. மரத்துக்குக் கொடுக்கிற நேரம் அவனுக்கு இல்லையா?

இங்கே உள்ளே இருந்தே எதிர்த்தவர்களும் நிறைய. 2022 ஜனவரியில் திருச்சபை வேலையில் இருந்த 125 பேர் ஒன்றாக வெளியே வந்து, நாங்கள் இப்படித்தான் என்றார்கள். அதற்குமுன் அப்படிக் கல்யாணம் செய்தாலே கத்தோலிக்க மருத்துவமனையில் வேலை போகலாம். அந்த வருஷம் நவம்பரில்தான் அந்த விதியை மாற்றினார்கள். விலகினால் வேலை போகலாம் என்பது இன்றும் உண்டு. நான் இருப்பது நகராட்சி மருத்துவமனை, பயப்படாதே. அந்த 2022ல் மட்டும் 5,22,821 பேர் விலகினார்கள். எல்லாரும் இதற்காக இல்லை. பிள்ளைகளுக்கு நடந்த கொடுமையை மூடி மறைத்ததற்காகப் போனவர்கள் ஏராளம். கீழ்வீட்டுப் பாட்டி மட்டும் விலகமாட்டாராம். நல்லவர்கள் எல்லாம் போய்விட்டால் உள்ளே யார் பேசுவது என்கிறார். அது தவறு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2012ல் இங்குள்ள ஆயர்கள் போட்ட ஆணைப்படி விலகியவர்களுக்கு நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, ஞானத்தாயாக நிற்க முடியாது. சாவு நெருங்கினால் மட்டும் அவஸ்தைப் பூசுதல் உண்டு. மனம் திரும்பியதற்கு அடையாளம் இல்லாவிட்டால் கோயில் முறைப்படி அடக்கம் மறுக்கப்படலாம். ஞானஸ்நானத்தை அழிக்க முடியாது, பதிவேட்டில் ஓரக்குறிப்புத்தான் எழுதுவார்கள். அந்தக் குறிப்புக்காக நம் பங்குச் சாமியாருக்கு இங்கிருந்து கடிதம் வந்தாலும் வரலாம். அவர் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளன்று அப்பா கல்லறையில் மெழுகுதிரி யார் ஏற்றினார்கள்? மழை பெய்ததா? சின்ன வயதில் நான் உருகிய மெழுகை உருட்டி உருட்டிக் கையைச் சுட்டுக்கொள்வேன். அப்பாவுக்குப் பக்கத்து இடம் எனக்கென்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பாளே. அடக்கத்தைப் பற்றி எழுதியதை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

ஞானத்தாயாக அத்தானின் தங்கையைக் கேள். 16 வயது முடிந்து, உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும். பெற்றோர் மட்டும் நிற்கக் கூடாது. அவள் வேறு பங்கு என்பதால் அங்கிருந்து சாமியார் கடிதம் வாங்கி வரச் சொல். வெள்ளை உடுப்பை நான் அனுப்புகிறேன். சங்கிலி பிப்ரவரிக்கு மேல். சீட்டுப் பணம் இரண்டு மாதத்துக்கு அத்தான் கட்டட்டும், எனக்கு ஒரு குறையும் இல்லை, இங்கே வருஷக் கடைசியில் கணக்கு கொஞ்சம் இழுக்கும். அம்மாவின் கண்புரையைத் தள்ளிப்போடாதே. கூரையில் ஒழுகும் இடத்துக்கு இப்போதைக்குத் தார்ப்பாய் போடு, ஓடு மாற்றுவது மழை விட்டதும்.

ஞானஸ்நான விருந்துக்குச் சின்னத்தை மகனையும் அவனோடு இருப்பவரையும் நீயே பேசிக் கூப்பிடு. பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவை. கிறிஸ்துமஸ் வாரத்தில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காது, அதனால் இன்றைக்கே போன் பண்ணு. டிக்கெட் இரண்டு.

உன் தங்கை